கோல் போடாதவருக்கு ஒரு பொன்னாடை

கால்பந்தைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் அது உருண்டையாக இருக்கும், நம்மை நோக்கி வந்தால் ஒதுங்கிக்கொள்ள வேண்டும் என்பதுதான். இந்த அறிவை வைத்துக்கொண்டே ஷார்ஜாவில் இருபது வருடத்துக்கு மேல் நிம்மதியாகக் காலம் தள்ளினேன். போன டிசம்பரில்தான் அந்த நிம்மதிக்கு ஆபத்து வந்தது.

நான் வேலை பார்ப்பது தொழிற்பேட்டையில் ஒரு டயர் கடையில். முன்பக்கம் ஷோரூம், பின்பக்கம் கிடங்கு, நடுவில் ஒரு கண்ணாடி அறை, அதற்குள் கணக்குப் பார்க்கும் நான். முதலாளி தெற்கே கடலோர ஊர்க்காரர். அவர்கள் ஊரில் அண்ணனைக் 'காக்கா' என்றுதான் கூப்பிடுவார்கள். அதனால் பஞ்சாபி டிரைவர் உட்படக் கடையில் எல்லோருக்கும் அவர் காக்கா. அவருடைய ஊர் கால்பந்து ஊர். அங்கே குழந்தைகள் நடக்கப் பழகும்போதே எதையாவது உதைத்துக்கொண்டுதான் நடக்கும் என்பார். வளைகுடாவில் இருக்கும் அந்த ஊர்க்காரர்கள் ஒவ்வொரு குளிர்காலத்திலும் ஷார்ஜாவின் முவைலாப் பகுதியில் செயற்கைப் புல் மைதானம் ஒன்றை வாடகைக்கு எடுத்துப் போட்டி நடத்துவார்கள். மஸ்கட்டில் ரூவிப் பக்கம் கடை வைத்திருப்பவர்கள்கூட ராத்திரி பஸ் பிடித்து வந்துவிடுவார்கள். திருச்சிக்காரனான நான் பிரியாணி நேரத்துக்குச் சரியாகப் போய்ச் சேருவேன்.

எனக்கு இன்னொரு தொழிலும் உண்டு. சம்பளமில்லாத தொழில். தமிழ்ச் சங்கத்துப் பொங்கல் விழா, யாராவது கடை திறப்பது, யாராவது ஊருக்குத் திரும்பிப் போவது என்று எதுவானாலும் மைக் என் கைக்கு வரும். விஷயம் தெரியாமல் பேசுவது எனக்குக் கைவந்த கலை. ஒரு தடவை கண் ஆஸ்பத்திரித் திறப்பு விழாவில் விழித்திரையைப் பற்றிக் கால் மணி நேரம் பேசினேன். டாக்டரே கைதட்டினார்.

ஒருநாள் காலையில் காக்கா என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டார்.

"தம்பி, கதவைச் சாத்துங்க."

இந்தப் பக்கம் முதலாளி கதவைச் சாத்தச் சொன்னால் விசா கேன்சல் என்று அர்த்தம். பெண்ணின் காலேஜ், வீட்டு வாடகை, ஊரில் பாதி கட்டி நிற்கும் மாடி எல்லாம் கண்முன் வரிசையில் வந்து நின்றன. காக்கா தன் செல்போனை நீட்டினார். திரையில் உயரமான, வழுக்கைத் தலை வெள்ளைக்காரர் ஒருவர் இருந்தார். மூக்கு இரண்டு இடத்தில் வளைந்திருந்தது. சரி, எனக்குப் பதிலாக வேலைக்கு வருகிறவர் இவர்தான் என்று முடிவு செய்துவிட்டேன்.

"ஸ்பெயின்காரர். டிஃபெண்டர். பெரிய பெரிய ஆளுங்களையெல்லாம் நகர விடாமப் பிடிச்சவர். கடைசி ரெண்டு வருஷம் இங்கதான் ஆடினார். நான் ஒரு மேட்ச் விட்டதில்லை" என்றார் காக்கா. "இப்ப ரிட்டயர்டு. துபாய்ல பிள்ளைங்களுக்குக் கோச்சிங் கொடுக்கிறார். நம்ம கஸ்டமர் ஒருத்தருக்குப் பழக்கம். போட்டிக்குச் சீஃப் கெஸ்டா வாறேன்னு சொல்லியிரிக்கார்."

எனக்கு மூச்சு திரும்பி வந்தது. "ரொம்ப நல்ல விஷயம் காக்கா."

"நல்ல விஷயம் பாதிதான் தம்பி." அவர் குரலைத் தாழ்த்தினார். "நாப்பது தாண்டினவங்களுக்கு ஒரு ஆட்டம் வச்சிரிக்கோம். பத்து நிமிஷம். அதுல அவர் பக்கத்துல நின்னு நான் ஆடணும். ஆனா அவர் ஆட மாட்டாராம். முட்டி சரியில்லையாம். வருவேன், கப்பு கொடுப்பேன், போயிருவேன்னு சொல்லிட்டார்."

"அடுத்த வருஷம் பார்த்துக்கலாமே."

"அடுத்த வருஷம் ஏது? ஜனவரியில எனக்கு முட்டி ஆபரேஷன். அதுக்கப்புறம் பந்தைக் கண்ணால பார்க்கலாம், காலால பார்க்கக் கூடாதுன்னு டாக்டர் சொல்லிட்டார்."

காக்காவும் அந்தக் காலத்தில் தங்கள் ஊர் அணிக்குப் பின்வரிசையில் நின்றவர். வயது ஐம்பத்தெட்டு. கண்டெய்னர் கப்பலோடு மூழ்கிவிட்டது என்று சொன்னாலும் முகம் மாறாத மனிதர், சின்னப் பையன் மாதிரி மேஜை விளிம்பைச் சுரண்டிக்கொண்டிருந்தார்.

"நீங்கதான் அவரை அறிமுகப்படுத்திப் பேசுறீங்க. உங்க பேச்சைக் கேட்டு அவர் மனசு இளகணும். தானா எழும்பி, நானும் ஆடுறேன்னு சொல்லணும். அவருக்குத் தமிழ் தெரியாது. நான் பக்கத்துல உட்கார்ந்து இங்கிலீஷ்ல சொல்லிக்கிட்டே வாறேன்."

"எனக்கு ஃபுட்பால் தெரியாதே காக்கா."

"கண் ஆஸ்பத்திரி மட்டும் தெரியுமாக்கும்?"

அன்றிலிருந்து நான் வீட்டில் ஒரு ஸ்பெயின்காரரோடு குடும்பம் நடத்தினேன். அவர் வாழ்க்கையைத் தேடித் தேடிப் படித்தேன். வடக்கே ஒரு துறைமுக ஊரில் பிறந்தவர். சின்ன வயதில் முன்வரிசையில்தான் ஓடியிருக்கிறார். திடீரென்று உயரமாக வளர்ந்துவிட்டதால் பின்னால் நிறுத்திவிட்டார்கள். அதன்பின் வாழ்நாள் முழுவதும் பின்னால்தான். இரண்டாம் நிலைக் கிளப்பில் சில வருடம், பிறகு ஒரே பெரிய கிளப்பில் பத்து வருடத்துக்கு மேல். நாட்டு அணிக்குக் கூப்பிட்டார்கள், பெரும்பாலும் பெஞ்சில் உட்கார வைத்தார்கள். மூக்கு இரண்டு முறை உடைந்தது. முட்டி போனது. கடைசியில் இந்த வளைகுடா வெயிலுக்கு வந்து சேர்ந்தார். எல்லாம் சரி. மொத்த வாழ்க்கையிலும் போட்ட கோல் எத்தனை என்று பார்த்தேன். ஒரு கை விரலுக்குள் அடங்கிவிட்டது.

எனக்கு வியர்த்தது. கிரிக்கெட் பார்த்து வளர்ந்தவன் நான். நாள் முழுக்கக் கட்டை போட்டுவிட்டு ரன்னே எடுக்காமல் திரும்புகிறவருக்கு எந்த மேடையில் பொன்னாடை போர்த்துவார்கள்?

"தடுத்தார், தடுத்தார்னு பத்து நிமிஷம் எப்படிடி பேசுறது?" என்று மனைவியிடம் புலம்பினேன். "நம்ம மேடைன்னா ஒரு வெற்றி வேணும், ஒரு பட்டம் வேணும்."

"அவர் வேலை கோல் போடுறது இல்லைங்க. நீங்க டயர் கம்பெனியில இருக்கீங்களே, என்னிக்காவது ஒரு டயர் கழட்டி மாட்டியிருக்கீங்களா?"

"அது வேற."

"அதேதான். ராத்திரி தூக்கத்துல 'ஆஃப்சைடு, ஆஃப்சைடு'ன்னு கத்துறதை நிறுத்துங்க. பக்கத்து ஃப்ளாட்ல என்ன நினைப்பாங்க?"

பிறகுதான் எனக்கு அந்த வீடியோ கிடைத்தது. லட்சக்கணக்கான பேர் பார்த்த வீடியோ. பெரிய ஸ்டேடியம், நிரம்பி வழியும் கூட்டம். மூலையிலிருந்து பந்து பறந்து வருகிறது. நம்மவர் இருவருக்கு மேலே எழும்பித் தலையால் ஒரு முட்டு முட்டுகிறார். பந்து வலையின் மேல் மூலைக்குள் போய்ச் சொருகிக்கொள்கிறது. வர்ணனையாளர் தொண்டை கிழியக் கத்துகிறார். நம்மவர் அப்படியே குப்புற விழுந்து புல்லில் முகம் புதைக்கிறார். என்ன பணிவு, மண்ணுக்கு நன்றி சொல்கிறார் என்று எனக்குக் கண்ணே கலங்கிவிட்டது. கூட இருந்தவர்கள் வந்து தூக்கித் தோளில் தட்டிக்கொடுக்கிறார்கள். அவர்களில் ஒருவர் அழவே செய்தார். ஆனந்தக் கண்ணீர்.

வர்ணனை முழுக்க ஸ்பானிஷ். ஆனால் கோலுக்கு மொழி எதற்கு? அந்த வலை யாருடையது என்ற சந்தேகம் எனக்கு வரவே இல்லை. கிரிக்கெட்டில் எந்த ஸ்டம்பும் யாருக்கும் சொந்தமில்லை, ஓவருக்கு ஓவர் பக்கம் மாறிக்கொண்டே இருப்பார்கள். நான் அந்த வழக்கத்தில் இருந்துவிட்டேன்.

சனிக்கிழமை சாயங்காலம் முவைலா மைதானத்துக்குப் போனேன். வெயில் இறங்கி நல்ல காற்று அடித்தது. எனக்கு மட்டும் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. எங்கள் கிடங்கிலிருந்து கொண்டுவந்த மரப் பலகைகளை அடுக்கி, மேலே சிவப்புக் கம்பளம் விரித்து மேடை போட்டிருந்தார்கள். போட்டியை நடத்துகிறவர் காக்காவின் மச்சான். அவருக்கு என்னைக் கண்டால் ஆகாது.

"பிரியாணி இன்னும் வரலியே, அதுக்குள்ள வந்துட்டீங்க" என்றார்.

"இன்னிக்கு நான் பேச்சாளர்."

"தெரியும். எங்க காக்காவுக்குப் புத்தி பிசகிட்டு. இந்தக் கூட்டத்துல பந்து தெரியாத ஒரே ஆள் நீங்கதான், மைக்கும் உங்க கையிலதான். பார்த்துப் பேசுங்க. இங்க பால்வாடிப் பிள்ளைகூடத் தப்பைக் கண்டுபிடிச்சிரும்."

அதற்குப் பிறகு பாத்ரூம் இருக்கும் பக்கத்துக்கும் மேடைக்கும் இடையே நான் நடந்த நடையை யாராவது கணக்கெடுத்திருந்தால் ஒரு முழு ஆட்டத்துக்கு ஈடாக இருந்திருக்கும்.

விருந்தினர் தன் வேனைத் தானே ஓட்டிக்கொண்டு வந்தார். ஒரு காலை லேசாக இழுத்து நடந்தார். நான் கை கொடுத்தேன். என் கை அவர் கைக்குள் போய்க் காணாமல் போனது. நம்மவர்களுக்கு அவரோடு பேசப் பொது மொழி ஒன்று இருந்தது. இங்கே இரண்டு வருடம் ஆடியதில் அவருக்கும் நாலு அரபி வார்த்தை வந்திருந்தது. காக்கா முட்டியைக் காட்டி எப்படி இருக்கிறது என்று கேட்டார்.

"மாஃபி" என்றார் அவர், முட்டியைத் தட்டி, இல்லை என்று கையை விரித்து.

பொன்னாடை போர்த்தினோம். அவர் உயரத்துக்குக் காக்கா நாற்காலியில் ஏற வேண்டியிருந்தது. பிறகு மைக் என்னிடம் வந்தது. விருந்தினரின் காதருகே காக்கா குனிந்து உட்கார்ந்தார். என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையில் ஜனவரி மாதம் முழுவதும் இருந்தது.

ஆரம்பம் பிரமாதமாகப் போனது. துறைமுகம், வறுமை, உடைந்த மூக்கு. வறுமை நான் சேர்த்தது. கூட்டம் அமைதியாகக் கேட்டது. காக்காவின் மொழிபெயர்ப்பு மைக்கையும் மீறி எனக்குக் கேட்டது. "ஹீ சேயிங் யூ வெரி பூவர். பட் நௌ ஓகே." விருந்தினர் புன்னகைத்தார். அந்தப் புன்னகை என்னைக் கெடுத்தது. அடுத்த கியருக்குப் போனேன்.

"தடுப்பவர் என்று மட்டும் இவரை நினைத்துவிடாதீர்கள். இறுதி நிமிடம். ஸ்டேடியமே எழுந்து நிற்கிறது. மூலையிலிருந்து வருகிறது பந்து. யார் முட்டுவது? இதோ இந்தத் தலை." நான் அவருடைய வழுக்கையைச் சுட்டிக் காட்டினேன். அதோடு விட்டிருக்கலாம். நடித்தும் காட்டினேன். மைக்கைப் பிடித்தபடியே எம்பிக் குதித்து, காற்றில் தலையால் முட்டி, கம்பளத்தில் முழங்காலிட்டு, முகத்தை மண்ணில் புதைப்பது போலக் குனிந்து எழுந்தேன். "வலைக்குள் பந்து. அந்த ஒரே கோலால் உலகம் முழுவதும் பெயர் பெற்ற எங்கள் முட்டு மன்னரே, வருக."

கைதட்டலுக்காக நிறுத்தினேன். வரவில்லை. மைதானத்துக்கு வெளியே பார்க்கிங்கில் ஒரு வண்டி ரிவர்ஸ் எடுக்கும் சத்தம் மட்டும் பீப், பீப் என்று கேட்டது. முன்வரிசையில் ஒருவர் தொப்பியைக் கழற்றி முகத்தை மூடிக்கொண்டார். காக்கா மொழிபெயர்ப்பை நிறுத்திவிட்டார்.

"என்ன சொல்கிறார்?" என்று விருந்தினர் கேட்டார்.

"ஹீ சேயிங்... யுவர் ஹெட் வெரி ஸ்ட்ராங்" என்றார் காக்கா, என்னைப் பார்க்காமல்.

மச்சான் மேடைக்கு ஓடிவந்து என் காதில் கிசுகிசுத்தார். "யோவ், அது சேம் சைடு கோல்யா. அதால கப்பே போச்சு."

என் கையில் மைக் இருந்தது. நான் அதை அணைக்கவில்லை. அந்தக் கிசுகிசுப்பு நாலு மூலை ஸ்பீக்கர்களிலும் ஒலித்து முவைலா முழுக்கப் போனது.

தமிழ் தெரியாவிட்டாலும் 'சேம் சைடு' என்பது எல்லோருக்கும் புரியும். அதற்கு முன்பே என் நடிப்பில் அவருக்குப் புரிந்திருக்க வேண்டும். விருந்தினர் எழுந்தார். பொன்னாடையைக் கழற்றினார், நாலாக மடித்தார், நாற்காலியில் வைத்தார். என்னை நோக்கி நடந்து வந்தார். வாசல் எங்கே இருக்கிறது, பலகை மேடையின் பின்பக்கம் எவ்வளவு உயரம், குதித்தால் எந்தக் கால் உடையும் என்றெல்லாம் நான் வேகமாக யோசித்தேன். காக்காவின் முகத்தைப் பார்க்கும் தைரியம் மட்டும் வரவில்லை. அவருடைய பத்து நிமிடத்தை நான் தின்று ஏப்பம் விட்டிருந்தேன்.

அவர் என் கையிலிருந்து மைக்கை வாங்கினார். மெதுவான ஆங்கிலத்தில் பேசினார். நான் தமிழில் சொல்கிறேன்.

"பதினெட்டு வருடம் பந்தைத் தடுத்தேன். தடுத்ததை யாரும் வீடியோவாகப் பார்ப்பதில்லை. எங்கே போனாலும் இந்த ஒன்றைப் பற்றி மட்டும் யாரும் என்னிடம் பேச மாட்டார்கள். நான் உள்ளே வந்தால் பேச்சை மாற்றுவார்கள். இதற்காக எனக்குச் சால்வை போட்ட முதல் மனிதர் இவர்தான்."

யாரோ ஒருவர் சிரிப்பை அடக்க முடியாமல் கனைத்தார். அது தொற்றிக்கொண்டது. கூட்டமே சிரித்தது. நானும் சிரித்தேன், அழுகையை அடக்குவதற்கு அது ஒன்றுதான் வழி.

"ஆனால் இவர் நடித்துக் காட்டியது தப்பு" என்றார் அவர். "நான் அவ்வளவு மோசமாகக் குதிக்கவில்லை. எனக்குப் பின்னால் நின்ற கோல்கீப்பர் வாயைத் திறக்கவில்லை. 'விடு, நான் பிடிக்கிறேன்' என்று ஒரு வார்த்தை கத்தியிருந்தால் நான் தலையை எடுத்திருப்பேன். கீப்பருக்குக் கையைவிட வாய் முக்கியம்." என்னை மேலும் கீழும் பார்த்தார். "உங்களுக்கு வாய் இருக்கிறது. பெரியவர்கள் ஆட்டத்தில் நீங்கள் கோலில் நில்லுங்கள். நான் முன்னால் நிற்கிறேன். பத்து நிமிடம். அது எப்படி நடந்திருக்க வேண்டும் என்று இவர்களுக்குக் காட்டுவோம்."

வேன் சாவியை மச்சானிடம் எறிந்தார். "பின்னால் பூட்ஸ் இருக்கிறது. யல்லா, சீக்கிரம்."

நான் காக்காவைத் தேடினேன். நாற்காலி காலி. அவர் ஏற்கெனவே கோட்டுக்கு அருகே தரையில் உட்கார்ந்து பூட்ஸ் கயிற்றை இறுக்கிக்கொண்டிருந்தார். வெள்ளைச் சட்டையைக் கழற்றினால் உள்ளே பழைய ஊர் அணி ஜெர்சி. காலையிலிருந்தே போட்டுக்கொண்டு வந்திருக்கிறார்.

"காக்கா, நான் கோல்கீப்பரா? பந்து மூஞ்சியில பட்டா?"

"படட்டும் தம்பி. மூஞ்சிக்குப் பின்னாடி வலை இரிக்கி."

கையுறை கொடுத்தார்கள். மாட்டிக்கொண்டு போய் நின்றேன். கோல் என்பது வெளியிலிருந்து பார்க்கத்தான் சின்னது. உள்ளே நின்றால் கல்யாண மண்டப வாசல் மாதிரி இருக்கிறது. எதிரணியில் நாற்பது தாண்டியவர்கள் என்றார்கள். ரூவியிலிருந்து வந்திருந்த ஒருவர் நெஞ்சுவரை முழங்காலை உயர்த்திக் குதித்துச் சூடேற்றிக்கொண்டிருந்தார். அவர் நாற்பதைத் தாண்டியது போன வாரமாக இருக்கும்.

விசில் அடித்தது. "பேசுங்கள்" என்றார் ஸ்பெயின்காரர் திரும்பிப் பார்க்காமல்.

பேசினேன். என்ன பேசினேன் என்று எனக்கே தெரியவில்லை. "வரான் வரான், இடது பக்கம், சிவப்பு சாக்ஸ், காக்கா உங்க பின்னாடி, ஐயோ முருகா, இன்னொருத்தன் வரான்." தமிழ், இந்தி, ஆங்கிலம் எல்லாம் கலந்து கொட்டியது. ஸ்பெயின்காரர் ஓடவே இல்லை. நின்ற இடத்திலிருந்து காக்காவின் தோளை இரண்டு விரலால் தொட்டு அரை அடி வலப்பக்கம் நகர்த்துவார். பந்தோடு வந்தவன் காக்காவைப் பார்ப்பான், தயங்குவான், வேறு பக்கம் திரும்புவான். அங்கே ஸ்பெயின்காரர் நிற்பார். மறுபடி தோளைத் தொட்டு ஓரடி பின்னால். கிடங்கில் நாற்பது பேரை ஒரே குரலில் ஓட வைக்கும் காக்கா, சொன்ன இடத்துக்கு நகர்ந்து, சொன்ன இடத்தில் நின்றார். கொஞ்ச நேரத்தில் தொட வேண்டியதுகூட இல்லாமல் போனது. இவர் நகர்ந்தால் அவர் நகர்ந்தார். அவர் நின்றால் இவர் நின்றார். இரண்டு பேரும் ஒரே காலை இழுத்து நடந்தார்கள்.

ரூவிக்காரர் ஒரே ஒரு தடவை தூரத்திலிருந்து உதைத்தார். அது வேலியைத் தாண்டிப் பார்க்கிங்கில் போய் விழுந்தது. அதற்கும் நான் வலப்பக்கம் பாய்ந்தேன்.

விசில். "கலாஸ்" என்றார் ஸ்பெயின்காரர், முடிந்தது என்று கைகளைத் தட்டி. ஆட்டம் யாருக்கும் கோல் இல்லாமல் முடிந்தது. என் கையுறை கொடுத்தபடியே புத்தம் புதிதாக இருந்தது. பத்து நிமிடமாக நான் செத்துச் செத்துப் பிழைத்த அந்த வாசலுக்குப் பந்து ஒரு முறைகூட எட்டிப் பார்க்கவில்லை.

காக்கா புல்லில் காலை நீட்டி உட்கார்ந்துவிட்டார். மூச்சு வாங்கியது. பக்கத்தில் ஸ்பெயின்காரரும் அதே மாதிரி காலை நீட்டி உட்கார்ந்து, தன் முட்டித் தழும்பைக் காட்டி, ஜனவரி ஆபரேஷனுக்குப் பிறகு ஐஸ் வைப்பது எப்படி என்று கையால் செய்து காட்டினார். மச்சான் தண்ணீர் பாட்டில் கொண்டுவந்தார். போகிற போக்கில் என் தோளில் ஒரு தட்டுத் தட்டினார். அது பாராட்டா, அடியா என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.

ஸ்பெயின்காரர் கப்பு கொடுக்க எழுந்து போனதும் நான் காக்காவின் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். எனக்கு மனசு கேட்கவில்லை. இதற்காக இத்தனை நாள் ஏங்கிய மனிதர். நானும் பின்னால் நின்று பார்த்துக்கொண்டேதான் இருந்தேன்.

"காக்கா, உங்க கால்ல பந்து ஒரு தடவைகூடப் படலையே."

அவர் என்னை இரக்கத்தோடு பார்த்தார். டயர் சைஸ் தெரியாமல் வரும் கஸ்டமரைப் பார்ப்பாரே, அப்படி.

"பட்டிருந்தா எங்க ரெண்டு பேர்ல யாரோ தப்பா நின்னிருக்கோம்னு அர்த்தம் தம்பி" என்றார். பூட்ஸ் கயிற்றைக் கழற்றக் கை கொண்டுபோனவர், என்ன நினைத்தாரோ, கையை எடுத்துவிட்டு அப்படியே உட்கார்ந்திருந்தார்.